கோல்பால் அணி ஒன்றைத் தொடங்குவது எப்படி: தரையில் கயிறு ஒட்டுவதிலிருந்து முதல் ஆட்டம் வரை

பார்வையற்றோர் ஆடும் குழு விளையாட்டுகளில் பல, பார்வையுள்ளோர் ஆடிவந்த ஆட்டத்தை எடுத்து, பந்துக்குள் ஒலியெழுப்பும் மணிகளை இட்டு, விதிகளைச் சிறிது மாற்றி உருவாக்கப்பட்டவை. பார்வையற்றோர் கிரிக்கெட்டும் கால்பந்தும் அவ்வாறு வந்தவையே. கோல்பாலின் பிறப்பு வேறு வகையானது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர்களின் மறுவாழ்வுக்காக, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த செப் ரைண்டலும் 1946ஆம் ஆண்டில் இதை வகுத்தபோது, பார்வையைத் தொடக்கத்திலேயே கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, செவியையும் தொடுவுணர்வையும் மட்டும் கொண்டு ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை அமைத்தார்கள். 1972இல் ஹைடல்பெர்க்கில் காட்சி ஆட்டமாகவும், 1976இல் டொராண்டோவில் பதக்கப் போட்டியாகவும் பாராலிம்பிக்கில் நுழைந்த இந்த ஆட்டத்தில், 1984 முதல் பெண்கள் அணிகளும் போட்டியிடுகின்றன. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் ஜப்பானும் பெண்கள் பிரிவில் துருக்கியும் தங்கம் வென்றன.

இந்த வரலாற்றை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கோல்பாலைக் கற்பிக்க முன்வரும் பார்வையுள்ள ஆசிரியர்கள் பெரும்பாலும் விதிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். மைதானத்தைக் கையால் சுட்டிக் காட்டுகிறார்கள். "அங்கே நில்", "இப்படி உருட்டு" என்கிறார்கள். காதுக்காகப் பிறந்த ஆட்டத்தைக் கண்ணின் மொழியில் சொல்லித்தருவதால், மாணவர்கள் பல வாரங்கள் கழிந்தும் தயங்கியே ஆடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் ஒழுங்கு அதற்கு நேர்மாறானது. இடத்தை உடல் அறிவதும் ஒலியைக் காது பழகுவதும் முதலில் வரும். விதிகள் கடைசியில் வரும்.

ஆட்டத்தின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அணிக்கு மூவர் களத்தில் இருப்பர், மேலும் மூவர் வரை மாற்று ஆட்டக்காரர்களாக இருக்கலாம். களத்தின் இரு முனைகளிலும், முழு அகலத்துக்கும் விரிந்த கோல் உண்டு. ஓர் அணியில் ஒருவர் பந்தைக் கையால் தரையோடு உருட்டி எதிரணியின் கோலுக்குள் செலுத்த முயல்வார். எதிரணியின் மூவரும் பந்துக்குள் உள்ள மணிகளின் ஒலியைக் கேட்டுத் தரையில் குறுக்கே நீண்டு படுத்து உடலால் அதைத் தடுப்பர். தடுத்த பந்தே அவர்களது அடுத்த வீச்சாகும். அனைவரும் முற்றிலும் ஒளிபுகாத கண்மறைப்பை அணிந்திருப்பர்.

முதற்படி: ஆட்டக்காரர்களும் மருத்துவ எச்சரிக்கையும்

ஆறு பேர் கிடைத்தால் இரண்டு அணிகள் அமைந்துவிடும். பதினொருவரைத் திரட்ட முடியாத சிறப்புப் பள்ளிக்கும், ஊருக்கு நான்கைந்து பார்வை மாற்றுத்திறனாளிகளே உள்ள பகுதிக்கும் இந்த ஆட்டம் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். பன்னாட்டுப் போட்டிகளில் பி1, பி2, பி3 என மூன்று பார்வைப் பிரிவினரும் கலந்து ஆடலாம். ஒளியே தெரியாதவரும், ஒளி தெரிந்தாலும் கையின் வடிவை அறிய இயலாதவரும் பி1 பிரிவில் அடங்குவர். பார்வைக் கூர்மை 6/60 அளவுக்குக் குறைந்தவரோ (இயல்பான பார்வையுள்ளவர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண்பவர்), பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் காணும் பரப்பு, 40 பாகைக்குள் சுருங்கியவரோ பி3 பிரிவில் இடம்பெறக்கூடும். பி2 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கண்மறைப்பு போட்டபின் இந்த வேறுபாடுகள் களத்தில் மறைந்துவிடுகின்றன. பயிற்சிக்கு ஆள் குறைந்தால் பார்வையுள்ள அண்ணன், தங்கை, நண்பர் எவரும் கண்மறைப்பு அணிந்து சேர்ந்து ஆடலாம். தொடக்க வாரங்களில் அவர்களே மிகவும் தடுமாறுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வைக் குறைபாட்டின் காரணம் தெரியாமல் எவரையும் இந்தக் களத்தில் இறக்கக் கூடாது. கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், முன்பே விழித்திரை விலகல் ஏற்பட்டவர்களுக்கும், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், முகத்தில் விழும் ஓர் அடி எஞ்சியிருக்கும் சிறிதளவு பார்வையையும் பறித்துவிடக்கூடும். ஆட்டப் பந்து 1.25 கிலோ எடையுள்ளது. தேர்ந்தவர் வீசினால் அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டும். ஆகவே ஒவ்வொருவரும் தம் கண் மருத்துவரிடம் ஆட்டத்தின் தன்மையை விளக்கி, "பந்து முகத்தில் படக்கூடும்" என்பதையும் மறைக்காமல் சொல்லி, அனுமதி பெற்ற பின்னரே பயிற்சிக்கு வர வேண்டும். பெற்றோரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்வது பயிற்றுநரின் கடமை.

இரண்டாம் படி: கூடமும் கோடுகளும்

கோல்பால் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. நம் ஊர்களில் அனைவரும் அறிந்த கைப்பந்துக் (வாலிபால்) களமும் இதே அளவுதான். பொருத்தம் அதோடு நிற்கவில்லை. கைப்பந்துக் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தொலைவில் உள்ள தாக்குதல் கோடு, கடைக்கோட்டிலிருந்து 6 மீட்டரில் அமைகிறது. கோல்பாலிலும் அந்த இடத்தில் ஒரு கோடு தேவை. எனவே உள்ளரங்கக் கைப்பந்துக் களம் கிடைத்தால், கடைக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் இருபுறமும் ஒவ்வொரு கோட்டைச் சேர்த்தால் போதும். கோலிலிருந்து முதல் 3 மீட்டர் அணிப்பகுதி. அடுத்த 3 மீட்டர், வீசப்படும் பந்து தரையைத் தொட வேண்டிய இறங்கு பகுதி. நடுவில் உள்ள 6 மீட்டர் பொதுப் பகுதி.

உள்ளரங்கம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். மண் தரையிலும் சிமென்ட் முற்றத்திலும் இதை ஆட முடியாது. ஆட்டக்காரர் மணிக்கு நூறு முறையாவது தரையில் சரிவதால் தோல் உரிந்துவிடும். நான் பரிந்துரைப்பது கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் பல மண்டபங்கள் வெறுமனே கிடக்கும். பொறுப்பாளரிடம் நோக்கத்தைச் சொல்லிக் கேட்டால், வார நாள் காலைகளுக்கு மிகக் குறைந்த வாடகையில் தருவோரும் உண்டு. பளபளப்பான தரை சரிவதற்கு ஏற்றது. ஆனால் அது மிகக் கடினமானது என்பதால் முழங்கால், முழங்கை, இடுப்புக் காப்புகள் கட்டாயமாகின்றன. டைல்ஸ் தரையில் இணைப்புப் பள்ளங்கள் காலில் தட்டுப்பட்டு, ஒட்டிய கோட்டோடு குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே கோட்டுக் கயிறு டைல்ஸ் இணைப்பின் மேல் வராதவாறு ஒரு விரற்கடை தள்ளி ஒட்டுவது நல்லது.

கோடு போடும் முறை இது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றைத் தரையில் இழுத்துப் பிடித்து, அதன்மேல் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள டேப்பை அழுத்தி ஒட்ட வேண்டும். தொட்டாலோ கால் வைத்தாலோ அந்த மேடு உணரப்பட வேண்டும். அதுவே ஆட்டக்காரரின் கண். முதலில் கோல் கோடுகள், பின்பு பக்கக் கோடுகள், பின்பு அணிப்பகுதிக் கோடு என்ற வரிசையில் ஒட்டினால் அளவு பிசகாது. அணிப்பகுதிக்குள் இடம், வலம், நடு ஆகிய மூவரும் தம் நிலையைக் கண்டுபிடிக்கக் குறுங்கோடுகளையும் ஒட்ட வேண்டும். டேப்பை ஒட்டுவதற்கு முன் தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடாவிட்டால், அரைமணி நேரத்தில் அது சுருண்டு எழும்பிக் காலைத் தடுக்கும்.

விதிப்படி கோல் 9 மீட்டர் அகலமும் 1.3 மீட்டர் உயரமும் உடையது. தொடக்கத்தில் இரும்புச் சட்டம் வாங்க வேண்டியதில்லை. இரு முனைகளிலும் கனமான தூண்களை நிறுத்தி, அவற்றைப் பழைய மெத்தைப் பஞ்சால் சுற்றி, 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு தடித்த கயிற்றை இறுகக் கட்டிப் பின்னால் வலையையோ கெட்டித் துணியையோ தொங்கவிட்டால் போதும். அந்தக் கயிறு முக்கியமானது. ஆட்டக்காரர் முதுகை அதில் சாய்த்துத்தான் தாம் எதிரணியை நேராகப் பார்த்து நிற்கிறோமா என்பதை அறிகிறார்.

மின்விசிறிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் வெப்பத்தில் விசிறியை நிறுத்துவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் சுழலும் விசிறியின் இரைச்சலில், மெதுவாக உருளும் பந்தின் மணி கரைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் விசிறியின்றி ஆடுவது, பிறகு மூன்று நிமிடம் விசிறியைப் போட்டுத் தண்ணீர் குடிப்பது என்று பகுத்துக்கொண்டால் பயிற்சி தடையின்றி நடக்கும். எதிரொலி மிகுந்த மண்டபத்தில், பந்து எங்கிருந்து வருகிறது என்பதே மயங்கும்; பக்கச் சுவர்களில் ஜமக்காளங்களைத் தொங்கவிட்டால் அது பெருமளவு அடங்கும்.

மூன்றாம் படி: பந்தும் உடைகளும்

உரிய பந்து ரப்பரால் ஆனது. உள்ளே மணிகளும் மேற்பரப்பில் 8 துளைகளும் இருக்கும். சுற்றளவு சுமார் 76 சென்டிமீட்டர், அதாவது கூடைப்பந்தின் பருமன். கூடைப்பந்தைப் போல இது துள்ளுவதில்லை. பந்து கைக்கு வரும்வரை, பழைய கூடைப்பந்து ஒன்றைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டி உருட்டிப் பழகலாம். சிறுவர்களுக்கு அந்த இலேசான பந்தே தொடக்கத்தில் பாதுகாப்பானது. ஆனால் அதிலேயே மாதக்கணக்கில் நிலைத்துவிடக் கூடாது. எடையற்ற பந்துக்குப் பழகிய உடல் உரிய பந்து வரும்போது தளர்ந்திருக்கும். அடி அப்போதுதான் படும்.

கண்மறைப்புக்கு, பனிச்சறுக்கு வீரர்கள் அணிவது போன்ற முகத்தோடு பொருந்தும் கண்ணாடியின் உட்புறம் கருந்துணி ஒட்டிப் பயன்படுத்தலாம். அது ஒளியை மறைப்பதோடு கண்ணுக்குக் காப்பாகவும் இருப்பதால், வெறும் துணியால் கண்ணைக் கட்டுவது அதற்கு ஈடாகாது. முற்றிலும் பார்வையற்றவரும் இதை அணிய வேண்டும் என்ற விதியின் நோக்கத்தை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்காமல் கையில் திணித்தால் அது அவரைப் புண்படுத்தும். ஆண்கள் அடிவயிற்றுக் காப்பையும் பெண்கள் மார்புக் காப்பையும் அணிவது நல்லது.

நான்காம் படி: இடத்தை உடலுக்கு அறிமுகப்படுத்துதல்

முதல் நாளில் பந்தை வெளியே எடுக்க வேண்டாம். ஒரு அட்டையில் நூலை ஒட்டிக் களத்தின் சிறு மாதிரியைச் செய்து, ஒவ்வொருவரும் விரலால் அதைத் தடவி, கோல் எது, அணிப்பகுதி எது, நடுக்கோடு எது என்று தாமே சொல்லும்வரை விட வேண்டும். பின்பு அவர்களைக் களத்துக்குள் அழைத்துச் சென்று, வெறுங்காலால் எல்லாக் கோடுகளின் மேலும் நடக்கச் செய்து, கோலிலிருந்து அணிப்பகுதிக் கோட்டுக்குத் தம் அடியில் எத்தனை அடி, பக்கக் கோட்டிலிருந்து நடு இடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணச் சொல்ல வேண்டும். மண்டியிட்டுக் கையால் தடவியும் அதே பாதையில் செல்ல வேண்டும், ஏனெனில் ஆட்டத்தின் பாதி நேரம் அவர்கள் தரையில்தான் இருப்பார்கள்.

மற்றொரு பழக்கத்தையும் அன்றே தொடங்கிவிடலாம். கோலின் 9 மீட்டர் அகலத்தை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டு, "நீ நிற்பது மூன்று", "பந்து சென்றது ஏழு" என்று பேசினால், திசையைக் குறிக்கக் கை நீட்ட வேண்டிய தேவையே எழாது. பின்னாளில் இந்த எண்களே அணியின் மொழியாகிவிடும்.

ஐந்தாம் படி: கேட்கப் பழகுதல்

இந்தப் படிக்கு இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூவரை அணிப்பகுதியில் உட்கார வைத்து, எதிர்முனையிலிருந்து பந்தை மெதுவாக உருட்டி, அது வரும் திசையை நோக்கி விரலை நீட்டச் சொல்லலாம். பந்து நகர நகர விரலும் நகர வேண்டும். அடுத்து, பந்து தம்மை அடையும் முன் எண்ணைச் சொல்ல வேண்டும். அதன்பின் உட்கார்ந்த நிலையிலேயே கையால் நிறுத்த வேண்டும். வேகத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். காது மணியைத் தவிர வேறு செய்திகளையும் சேர்த்துக்கொள்கிறது என்பதை ஆட்டக்காரர்களே விரைவில் கண்டுகொள்வார்கள். எதிராளியின் காலடிகள் எந்தப் பக்கம் ஓடின, பந்து தரையைத் தொட்ட ஒலி எங்கே எழுந்தது, அது வழவழவென்று உருள்கிறதா, தத்தித் தத்தி வருகிறதா என்பவை எல்லாம் மணிக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. தேர்ந்த வீச்சாளர் பந்தை மணி அதிகம் குலுங்காதவாறு சீராக உருட்டுவார் என்பதால், மணியை மட்டும் நம்பிப் பழகிய காது பிற்பாடு ஏமாறும்.

ஆறாம் படி: தடுத்தல்

கோல்பாலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தயார் நிலையில் ஆட்டக்காரர் குந்தியோ, ஒரு முழங்காலை ஊன்றி மற்றொரு காலைப் பக்கவாட்டில் நீட்டியோ இருப்பார். பந்தின் திசை தெரிந்ததும் பக்கவாட்டில் தரையோடு சரிந்து, ஒருக்களித்த நிலையில் முழு உடலையும் நீட்டிவிட வேண்டும். இரு கைகளும் தலைக்கு மேலாக நீண்டு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். முகம் மேற்கையின் மறைவில் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேற்கால் சிறிது உயர்ந்து கால்பக்கத் தடுப்பின் உயரத்தைக் கூட்ட வேண்டும். வயிறு இறுகியிருக்க வேண்டும். உடல் பின்னால் மல்லாந்தால் பந்து ஏறிக் கடந்துவிடும், ஆகவே மார்பு சற்றே எதிரணியை நோக்கிக் கவிழ்ந்திருப்பது நலம்.

இதைச் சொற்களால் மட்டும் கற்பிக்க முடியாது. பயிற்றுநரோ பழகிய ஆட்டக்காரரோ அந்த நிலையில் படுத்து, புதியவர் அனுமதியோடு தம் கை, தலை, இடுப்பு, கால் ஆகியவை எங்கே உள்ளன என்று தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும். பிறகு புதியவர் படுக்க, "உங்கள் முழங்கையைத் தொடலாமா?" என்று கேட்டே திருத்த வேண்டும். முன்னறிவிப்பின்றித் தொடுவது பார்வையற்றவரைத் திடுக்கிடச் செய்யும். அந்த ஒரு கணத்தில் இழந்த நம்பிக்கையை மீட்கப் பல நாட்கள் ஆகும். சரிவதைப் பந்தின்றி மெத்தை விரிப்பின்மேல் இருபக்கமும் இருபது முறை செய்தபின், மெதுவான பந்தோடு தொடங்கலாம்.

மூவரும் ஒரே வரிசையில் நின்றால் ஒருவர் கை மற்றவர் தலையில் மோதும். நடு ஆட்டக்காரர் அணிப்பகுதியின் முன்புறத்திலும் மற்ற இருவர் சற்றுப் பின்னும் நின்று முக்கோணமாக அமைந்தால், நடு ஆட்டக்காரரின் சரிந்த உடலுக்குப் பின்னால் பக்கத்தவர் உடல் மேற்படிந்து இடைவெளியை அடைக்கும். நடுவில் ஆடுபவருக்கு வேலை அதிகம். காது கூர்மையானவரையும் அஞ்சாதவரையும் அங்கே நிறுத்த வேண்டும், உயரமானவரைத் தேட வேண்டியதில்லை. பந்தை முதலில் தொடும்போது தடுப்பவரின் உடலில் ஏதேனும் ஒரு பகுதியாவது அணிப்பகுதியைத் தொட்டிருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பழக்கிவிட வேண்டும்.

ஏழாம் படி: வீசுதல்

கோலின் மேற்கயிற்றில் முதுகைப் பதித்து நேர்நிலையை உறுதிசெய்த பின், மூன்று நான்கு அடி முன்னேறி, கடைசி அடியில் எதிர்க்காலை முன்வைத்து முழங்காலை ஆழமாக மடித்து, பின்னிருந்து ஊசல்போல் வரும் கையிலிருந்து பந்தைத் தரைக்கு மிக அருகில் விட வேண்டும். பந்தைத் தரையில் போடுவது வேறு, தரையில் வைத்து அனுப்புவது வேறு. இந்த வேறுபாட்டைக் கை உணரும்வரை நின்ற இடத்திலிருந்தே உருட்டிப் பழக வேண்டும். பிறகு ஓர் அடி, பிறகு இரண்டு. எதிர்முனையில் ஒருவர் கைதட்டி இலக்கைத் தர, பந்து சென்ற எண்ணை அவரே சொன்னால், வீசியவர் அடுத்த முறை தாமே திருத்திக்கொள்வார். சுழன்று வீசுவதும், திரும்பி நின்று கால்களுக்கிடையில் வீசுவதும் உலகப் போட்டிகளில் வழக்கம். அவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

எட்டாம் படி: மூவரும் ஒருவராகப் பேசுதல்

பந்தைப் பிடித்தவர் "என்னிடம்" என்கிறார். பக்கத்தவர் தரையை இருமுறை தட்டுகிறார். பந்து அந்தத் தட்டலை நோக்கி உருளுகிறது. வீசிவிட்டுத் திரும்புபவருக்கு நடு இடத்தில் இருப்பவர் குரல் கொடுத்து வழிகாட்டுகிறார். இந்தச் சிறு சொற்களை அணியே தேர்ந்தெடுக்கட்டும். ஓரசை, ஈரசைச் சொற்களாக இருந்தால் போதும். தோழருக்குத் தள்ளிய பந்து பக்கக் கோட்டைக் கடந்து வெளியேறினால் அது எதிரணிக்குச் சொந்தமாகும் என்பதால், வேகமாகத் தள்ளுவதைவிடத் தட்டலுக்குக் காத்திருந்து தள்ளுவதே மேல். பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தில் வீசும் அணி முழு அமைதி காக்க வேண்டும். சத்தமிட்டு எதிரணியின் செவியைக் குலைப்பது குற்றம்.

பயிற்றுநருக்கும் இது பொருந்தும். ஆட்டம் நடக்கும்போது பக்கத்திலிருந்து அறிவுரை கூவ விதி இடம் தருவதில்லை. பயிற்சியிலேயே வாயை மூடிப் பழகாதவர் போட்டியில் தம் அணிக்கே தண்டனை வாங்கித் தருவார்.

ஒன்பதாம் படி: முதல் ஆட்டம்

முறையான ஆட்டம் 12 நிமிடங்கள் வீதம் இரு பாதிகள் கொண்டது. புதிய அணிகள் 5 நிமிடப் பாதிகளோடு தொடங்கட்டும். இப்போது விதிகளைச் சொல்லலாம். களத்தையும் ஒலியையும் அறிந்த காதுக்கு அவை ஒரு மாலையில் பதிந்துவிடும். வீசிய பந்து, வீசியவரின் அணிப்பகுதியிலோ இறங்கு பகுதியிலோ ஒரு முறையாவது தரையைத் தொட்டிருக்க வேண்டும். நடுவிலுள்ள பொதுப் பகுதியிலும் மறுமுறை தொட வேண்டும். பந்து தம்மைத் தொட்டதிலிருந்து 10 விநாடிகளுக்குள் அதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அனுமதியின்றிக் கண்மறைப்பைத் தொடக் கூடாது. இவற்றை மீறினால் பெனால்டி விதிக்கப்படும். அப்போது ஒருவர் மட்டும் தனியாக 9 மீட்டர் கோல் முழுவதையும் காக்க வேண்டும். ஓர் அணி 10 கோல் முன்னிலை பெற்றால் ஆட்டம் அத்துடன் முடியும்.

பார்வையாளர்களைத் தயார்செய்வதும் அமைப்பாளரின் வேலையே. நடுவர் அமைதி கேட்டபின் கைபேசி ஒலிக்கக் கூடாது, நாற்காலி இழுபடக் கூடாது, குழந்தையை வெளியே அழைத்துச் செல்ல ஒருவர் வாசலில் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். கோல் விழுந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆர்ப்பரிக்கலாம். மகன் முதன்முதலாகத் தடுத்த பந்துக்குக் கைதட்ட முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு தாயைக் கண்டிருக்கிறேன். நடுவர் ஊதல் ஒலித்ததும் மண்டபமே அதிர அவர் எழுந்து கத்தினார்.

ஆட்டம் முடிந்ததும் கோடுகளைப் பிரிப்பதை ஆட்டக்காரர்களிடமே விட வேண்டும். டேப்பை ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டிவர, கயிறும் அதோடு எழும். கயிற்றைக் கோடு வாரியாகத் தனித்தனி உருண்டையாகச் சுற்றி, பிரெய்லில் நீளம் குறித்த சீட்டைக் கட்டி வைத்தால், அடுத்த முறை அளவுகோலே வேண்டாம். பார்வையுள்ளவர் உதவியின்றி ஓர் அணி தன் களத்தைத் தானே ஒட்டிப் பிரிக்க முதன்முறை இரண்டு மணி நேரம் ஆகும். நான்காம் முறை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.